வடசென்னைக் கடைத்தெருவில் ரோஜா அத்தர்: சொல்லும் சரக்கும் வந்த வழி

ஆய்வுச் சுருக்கம்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மண்ணடி, இராயபுரம் பகுதிகளின் அத்தர் கடைகளில் ரோஜாவை மையமாகக் கொண்ட இனிப்பு மணத் தைலங்கள் ‘அரபு அத்தர்’ என்னும் பொதுப்பெயரால் விற்கப்படுகின்றன. இப்பெயர் சரக்கின் வரலாற்றை எவ்வளவு சரியாகச் சுட்டுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பன்னீர், குலாப், ரோஜா, அத்தர், ஊது, அகில், மஸ்க் ஆகிய சொற்களின் வரலாறும், வடித்தல் முறையும், மணத்தைத் தாங்கும் ஆதாரப்பொருளில் நேர்ந்த மாற்றமும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ‘அரபு’ என அறியப்படும் இம்மணம் தென்னிந்தியாவையும் பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் இணைத்த கடல்வணிகத்தின் கூட்டு ஆக்கம் என்பதும், அதன் இன்றைய வடிவம் பெட்ரோலிய வேதித்தொழிலைச் சார்ந்தது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அத்தர், பன்னீர், அகில், ஊது, சொற்பிறப்பு, வடசென்னை, கடல்வணிகம்

முன்னுரை

வடசென்னையைப் பற்றிய இன்றைய எழுத்துகளில் மணம் என்பது பெரும்பாலும் நெடியாகவே இடம்பெறுகிறது. மீன்பிடித் துறைமுகத்தின் கவிச்சி, ஆலைகளின் புகை, எண்ணூர் முகத்துவாரத்தின் சேறு ஆகியவையே இப்பகுதியின் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியதும் இவ்வடையாளத்தை மேலும் உறுதிப்படுத்தின.

இதே நிலப்பரப்புக்கு நறுமண வரலாறு ஒன்றும் உண்டு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுவதும் சார்த்தப்பட்டிருக்கும் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் களையப்படுகிறது. அப்போது புனுகும் சவ்வாதும் சாம்பிராணித் தைலமும் சார்த்தப்படுகின்றன. சற்றுத் தெற்கே மண்ணடியின் அத்தர் கடைகளில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் பெருநாளுக்கும் திருமணத்திற்கும் அத்தர் வாங்குகின்றனர். பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969இல் அமைந்த பர்மா பஜார், கப்பல்வழி வந்த அயல்நாட்டுச் ‘செண்ட்’டுகளை நகரத்தாருக்குப் பழக்கப்படுத்தியது. துறைமுகத்தின் அருகமைவே இவ்வணிகங்களுக்கு அடிப்படை. இப்பின்னணியில், இன்று பெரிதும் விரும்பப்படும் இனிப்பு ரோஜா அத்தரை எடுத்துக்கொண்டு, அதன் பெயர்களும் பொருள்களும் எங்கிருந்து வந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடைத்தெருவின் வழக்காறு

தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘செண்ட்’ என்றால் ஆல்ககாலில் கரைத்துத் தெளிக்கும் வகையையும், ‘அத்தர்’ என்றால் எண்ணெயாகத் தொட்டுப் பூசும் வகையையும் குறிப்பது பெருவழக்கு. மதுப்பொருள் கலவாமை இசுலாமியரிடையே அத்தர் நிலைபெற்றதற்கு ஒரு காரணம். குப்பியின் கண்ணாடி மூடியிலோ கோலிலோ ஒரு துளி எடுத்துப் புறங்கையில் தடவிக் காட்டுவது விற்பனை முறை. ரோஸ், கஸ்தூரி, மஜ்முவா, ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸ், ஊது என்பன வழக்கமான பெயர்கள்.

குப்பிகளின் அளவும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். 3, 6, 12 மில்லிலிட்டர் என்னும் வரிசை மெட்ரிக் முறைக்கு இயல்பானதன்று. ஒரு தோலா 11.66 கிராம். அதன் கால், அரை, முழு அளவுகளே இக்குப்பிகளாக நிலைத்தன. துபாயிலிருந்து வரும் குப்பியாயினும் அதன் அளவு இந்தியத் தோலாவின் அளவே. ‘அரபு’ என்னும் பெயரை ஆராயும்போது மனங்கொள்ள வேண்டிய முதற்செய்தி இது.

பன்னீர், குலாப், ரோஜா

ரோஜாவைச் சார்ந்து தமிழில் வழங்கும் சொற்கள் மூன்று அடுக்குகளாக உள்ளன. முதலாவது ‘பனிநீர்’ என்பதன் திரிபாகிய பன்னீர். இது தமிழ்ச்சொற்களால் அமைந்தது. குளிர்ந்த நீர் என்னும் பொருளினின்று மணநீரைக் குறித்தது. மலையாளத்திலும் ‘பனிநீர்’ என்பது ரோஜாநீரையும், ‘பனிநீர்ப்பூ’ என்பது ரோஜாவையும் குறிக்கின்றன. இரண்டாவது பாரசீகக் ‘குலாப்’. ‘குல்’ (மலர்), ‘ஆப்’ (நீர்) ஆகியவற்றின் கூட்டான இச்சொல் முதலில் மலர்நீரையே குறித்தது. இந்தியில் பின்னர் மலருக்கே பெயராயிற்று. மூன்றாவது ரோஜா. இதனைப் போர்த்துக்கேய ‘ரோசா’வோடு இணைத்துக் காண்பர்.

இவற்றுள் ஓர் ஒப்புமை கருதத்தக்கது. குலாப், பனிநீர்ப்பூ, தமிழின் ‘பன்னீர் ரோஜா’ ஆகிய மூன்றிலும் நீரின் பெயர் மலருக்கு ஆகிவந்துள்ளது. பொதுவாகச் செடியின் பெயரால் அதன் பொருள் பெயர் பெறும்; இங்கு வடித்த பொருளால் செடி பெயர் பெறுகிறது. மணநீர் சரக்காக முன்னே பழகியதும் செடி தோட்டத்திற்குப் பின்னே வந்ததும் இதற்குக் காரணமாகலாம் என ஊகிக்க இடமுண்டு. சீராசு நகரைச் சூழ்ந்த பகுதியில் வடித்த ரோஜாநீர் பாரசீக வளைகுடாத் துறைமுகங்கள் வழியாக இந்தியாவிற்கு ஏற்றுமதியானதைப் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணியர் குறித்துள்ளனர். திருமண வீட்டு வாயிலில் சந்தனக் கிண்ணத்தோடும் கற்கண்டோடும் பன்னீர்ச்செம்பு வைக்கும் தமிழ் வழக்கம் இக்கடல்வழிச் சரக்கு எவ்வளவு ஆழமாக உள்ளூர்மயமாயிற்று என்பதைக் காட்டுகிறது.

அரபியில் ரோஜா ‘வர்த்’, ரோஜாநீர் ‘மாவர்த்’. இவை தமிழ்ப் பொதுவழக்கில் வேரூன்றவில்லை. அதாவது, அரபு மணம் எனப்படும் ஒன்றின் நடுமலருக்குத் தமிழில் உள்ள பெயர்கள் தமிழும் பாரசீகமும் போர்த்துக்கேயமுமே, அரபு இல்லை.

அத்தர்

நறுமணத்தைக் குறிக்கும் அரபுச்சொல் ‘இத்ர்’. பாரசீகத்திலும் உர்தூவிலும் இது ‘அத்ர்’ எனவும் ஒலிக்கிறது. தமிழ்ச்சொல் அகரத்தில் தொடங்குவதால் இச்சொல் அரபியிலிருந்து நேரே வராமல் பாரசீக-உர்தூ வழியாக வந்திருக்க வேண்டும் எனக் கருதலாம். இறுதி மெய்ம்மயக்கம் தமிழ் ஒலியியல்புக்கு ஏலாமையின் உயிர் இடையே தோன்றி ‘அத்தர்’ என்றாயிற்று.

இவ்வழியை வரலாறும் ஆதரிக்கிறது. ரோஜா எண்ணெயைத் தனியே பிரித்தெடுத்த செய்தி முகலாய அரசவையோடு தொடர்புடையது. நூர்ஜகானின் தாயார் அஸ்மத் பேகம், கலங்களில் ஊற்றிய சூடான ரோஜாநீரின் மேல் படிந்த எண்ணெய்ப் படலத்தைத் திரட்டினார் என்றும், அதற்கு ‘இத்ரே ஜஹாங்கீரி’ எனச் சலீமா சுல்தான் பேகம் பெயரிட்டார் என்றும் ஜஹாங்கீரின் தன்வரலாறு கூறுகிறது. இதனை உலகின் முதற்கண்டுபிடிப்பு எனக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், இந்திய வணிகர் வழங்கிய ‘அத்தர்’ என்னும் சொல்லுக்குரிய பண்பாட்டுச் சூழலை இது தெளிவாகக் காட்டுகிறது.

ஊதும் அகிலும்

இன்றைய ரோஜா அத்தரில் ரோஜாவின் துணைப்பொருள் ஊது. அரபியில் ‘ஊத்’ என்பதற்குக் கட்டை என்பது அடிப்படைப் பொருள். பூஞ்சைத் தாக்கத்தால் மரத்தின் உட்பகுதியில் பிசின் ஊறிக் கறுத்த மணக்கட்டையை அது குறிக்கிறது. இம்மரம் அக்குலேரியா இனத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அசாமிலும் அதனை அடுத்த வடகிழக்குப் பகுதிகளிலும் வளர்வது. தமிழ் நூல்கள் அகில் எனச் சொல்லும் பொருள்களுள் இதுவும் ஒன்று.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கீழ்க்காற்றோடு கலங்களில் வந்த பொருள்களாக அகில், துகில், சந்தனம், வாசப்பொருள், கருப்பூரம் ஆகியவற்றைச் சொல்கிறது. அதற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் அகில் வகைகளுள் தக்கோலி, கிடாரவன் முதலியவற்றைக் குறிக்கிறார். இவை தென்கிழக்காசிய இடங்களால் பெற்ற பெயர்கள். பட்டினப்பாலையோ மேற்கு மலையில் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குகளோடு சேர்த்துச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளகில் வேறு மரம் ஆதலின், இவ்விரு இடங்களிலும் வரும் அகிலை ஒன்றெனக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் கடல்வழி வந்த பிசின்கட்டையைத் தமிழர் அகில் என்றே அழைத்தனர் என்பது தெளிவு. போர்த்துக்கேயர் இச்சொல்லை ‘ஆகுயிலா’ என எடுத்துக்கொண்டனர். அது கழுகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு மயங்கி ஆங்கிலத்தில் ‘ஈகிள்வுட்’ ஆயிற்று.

இன்று நாட்டு மருந்துக் கடையில் ‘அகில்கட்டை’ என்றும், அத்தர் கடையில் ‘ஊது’ என்றும் இருவேறு சரக்குகளாக இவை கருதப்படுகின்றன. பெயர் மாறியதால் பழம்பொருள் அயற்பொருளாயிற்று. இதற்கு மறுதலையாக, வீடுதோறும் ஏற்றப்படும் ‘ஊதுவத்தி’ தமிழ்ச்சொல்லாகவே உணரப்படுகிறது. உர்தூவின் ‘ஊத்பத்தி’, அதாவது ஊது கலந்த திரி, என்பதே அதன் மூலம். தமிழின் ‘ஊது’ என்னும் வினையோடு ஒலியொப்புமை இருந்தமையால் மக்கள் அதற்கு வேறு பொருள் கண்டனர். ஒன்றில் நம் பொருள் அயலாகத் தோன்றுகிறது. மற்றொன்றில் அயற்சொல் நம்முடையதாகத் தோன்றுகிறது.

மஸ்க் என்பதன் பயணம் இன்னும் நீண்டது. வடமொழி ‘முஷ்க’ பாரசீகத்தில் ‘முஷ்க்’, அரபியில் ‘மிஸ்க்’, இலத்தீனில் ‘முஸ்குஸ்’, ஆங்கிலத்தில் ‘மஸ்க்’ என மாறி, மண்ணடியின் குப்பிச்சீட்டில் தமிழ் எழுத்தில் மீண்டும் வந்து நிற்கிறது. அதன் அருகிலேயே ‘கஸ்தூரி’ என்ற குப்பியும் உண்டு.

வடித்தல்: அரபு மரபின் உண்மையான பங்கு

மேற்கூறியவற்றால் அரபு மரபின் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தியின் பெயரால் வழங்கும் மணப்பொருள் நூல் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளைத் தருகிறது. ரோஜாநீர் வடித்தலும் அக்கால அரபு நூல்களில் விளக்கப்பட்டுள்ளது. ஆகவே, பதினோராம் நூற்றாண்டின் இப்னு சீனாவே இதனை முதலில் கண்டறிந்தார் என்னும் பரவலான கூற்று ஏற்கத்தக்கதன்று. அவருக்கு முன்பே இத்தொழில் வளர்ந்திருந்தது. கலவைகளை அளவோடு எழுதிவைத்தமையும், வடித்தலைப் பெருந்தொழிலாக்கியமையும் அம்மரபின் கொடைகள்.

தமிழிலும் வடித்தலுக்குக் கலைச்சொற்கள் உள்ளன. சித்த மருத்துவம் வடிகலத்தை ‘வாலை’ என்றும், வடித்த நீரைத் ‘தீநீர்’ என்றும் வழங்கும். அவ்வகையில் பன்னீரும் ஒரு தீநீரே. உத்தரப்பிரதேசத்தின் கன்னோசியில் இன்றும் இத்தொழில் செம்புக்கலத்தில் நடைபெறுகிறது. விடியற்காலையில் பறித்த இதழ்களையும் நீரையும் ‘தேக்’ என்னும் கலத்தில் இட்டு, மூடியை மண்ணால் பூசி, மூங்கில் குழாய்வழி ஆவியை ‘பப்கா’ என்னும் ஏற்புக்கலத்திற்குச் செலுத்துவர். அக்கலத்தில் சந்தன எண்ணெய் இருக்கும். ஆவி குளிர்ந்ததும் மணம் எண்ணெயில் தங்கும். நீரைப் பிரித்துவிட்டுப் புதிய இதழ்களோடு பலநாள் இதையே திரும்பச் செய்வர்.

தூய ரோஜா எண்ணெய் 1 கிலோ பெறச் சுமார் 3 முதல் 4 டன் இதழ்கள் வேண்டும். மேலும் இதழின் முக்கிய மணக்கூறாகிய ஃபீனைல் எத்தில் ஆல்ககால் நீரில் கரைவதால், வடிக்கும்போது அதன் பெரும்பகுதி நீரோடு சென்றுவிடுகிறது. சிட்ரோனெல்லால், ஜெரானியால் முதலியன எண்ணெயில் மிகுகின்றன. பன்னீர் மலரை நினைவூட்டுவதும், ரோஜா எண்ணெய் சற்றே காரமாகத் தோன்றுவதும் இதனால்தான்.

ஆதாரப்பொருள்: சந்தனத்திலிருந்து கிளைக்காலுக்கு

இந்திய அத்தரின் உயிர்நிலை மலரில் மட்டும் இல்லை. அதைத் தாங்கும் சந்தன எண்ணெயிலும் இருந்தது. அது மெல்ல ஆவியாகி மலர்மணத்தைப் பிடித்துவைக்கும். சந்தனத்தின் வாழிடம் மைசூர்ப் பகுதியும், தமிழகத்தின் சவ்வாது மலை, சத்தியமங்கலம் முதலிய காடுகளும். ‘சந்தன’ என்னும் வடசொல்லைத் தமிழின் ‘சாந்து’ என்பதனோடு தொடர்புபடுத்தும் கருத்தும் அறிஞரிடையே உண்டு. அரபியின் ‘ஸந்தல்’, ஆங்கிலத்தின் ‘சேண்டல்’ ஆகியவை அச்சொல்லின் வழிவந்தவை. எனவே பழைய ரோஜா அத்தரின் மலர்நுட்பம் மேற்காசியாவோடு உறவுடையது. அதன் அடித்தளம் தென்னிந்தியாவினது.

சந்தனம் அருகி விலையேறியதும் மலிவான அத்தரில் பாரஃபின் எண்ணெய், டைபுரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை அவ்விடத்தைப் பிடித்தன. இக்கிளைக்கால் மணமற்றது, மெல்ல ஆவியாவது, உலக நறுமணத் தொழிலில் பெருவழக்கான கரைப்பான். புரோப்பிலீன் கிளைக்கால் தயாரிக்கும்போது துணைவிளைபொருளாக இது கிடைக்கிறது.

இவ்விடத்தில் ஆய்வு மீண்டும் வடசென்னைக்கே வருகிறது. திருவொற்றியூரை அடுத்த மணலியில், 1965இல் மெட்ராஸ் ரீஃபைனரீஸ் என்னும் பெயரில் சுத்திகரிப்பு நிறுவனம் உருவானது. ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் அதன் தொடக்ககாலப் பங்குதாரர்களுள் ஒன்று. அங்குப் பிரியும் புரோப்பிலீனை மூலப்பொருளாகக் கொண்டு மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் புரோப்பிலீன் கிளைக்காலைத் தயாரிக்கிறது. ஒரு காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து ரோஜாநீர் வந்த கடல்வழியே பின்னர்க் கச்சா எண்ணெய் வந்தது. மண்ணடிக் கடையின் குறிப்பிட்ட ஒரு குப்பி மணலியின் வேதிப்பொருளால் ஆனது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இன்றைய மலிவு அத்தரைத் தாங்கும் பொருள் எவ்வகை ஆலையில் பிறக்கிறதோ, அவ்வகை ஆலைகளின் அருகிலேயே இம்மக்கள் வாழ்கின்றனர். நறுமணமும் நெடியும் ஒரே வேதித்தொழிலின் இருவேறு விளைவுகளாக இங்கு அமைகின்றன.

இக்காலச் சுவை: இனிப்பு ரோஜா

இன்று ‘அரபு ரோஜா’ என வாங்கப்படுவது பெரும்பாலும் ரோஜாவோடு ஊது, அம்பர், மஸ்க், வெனிலா ஆகியவற்றின் சாயல் சேர்ந்த கலவை. ‘அன்பர்’ என்னும் அரபுச்சொல் திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் பொருளைக் குறித்தது. தமிழ் மருத்துவம் அதனை மீனம்பர் என்றது. இக்கால ‘அம்பர்’ பெரும்பாலும் பிசின்களும் வெனிலினும் சேர்ந்த இனிப்புச் சாயல். வெனிலின் 1874இல் செயற்கையாக ஆக்கப்பட்டது. பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டாலை முதன்மையாகக் கொண்டு 1992இல் பிரான்சில் வெளியான ‘ஏஞ்சல்’ என்னும் வாசனைத்திரவம், தின்பண்ட மணங்களை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது. அவ்வினிப்பே இன்றைய ‘அரபு ரோஜா’விலும் மேலோங்கியிருக்கிறது. ரோஜாவும் ஊதும் சேர்தல் பழையது. மிட்டாயின் இனிப்பு புதியது.

ஊதுக்கும் இந்நிலையே. காட்டு மரங்கள் அருகியதால் அக்குலேரியா இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே மலிவுக் குப்பியில் இருப்பது ஊதின் சாயலைத் தரும் செயற்கைக் கலவையே. வளைகுடாவில் புகழ்பெற்ற அஜ்மல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அசாமின் ஹோஜாய்ப் பகுதியைச் சேர்ந்த ஹாஜி அஜ்மல் அலி என்பதும், 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் வேரூன்றிய பின்னரே அந்நிறுவனம் வளைகுடாவிற்குச் சென்றது என்பதும் இங்குக் கருதத்தக்கன. இந்தியப் பொருளும் இந்திய வணிகரும் அரபு நாட்டிற்குச் சென்று, அரபு மணம் என்னும் பெயரோடு சென்னைத் துறைமுகப் பகுதிக்குத் திரும்புகின்றனர்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

1. ரோஜாவைக் குறிக்கும் தமிழ் வழக்குகளில் அரபுமூலச் சொல் நிலைபெறவில்லை. அத்தர், ஊது ஆகிய சொற்கள் அரபு மூலத்தன எனினும் பாரசீக-உர்தூ வழியாகவே தமிழில் கலந்தன எனலாம்.

2. வடித்தலும் கலவைநுட்பமும் அரபு, பாரசீக, முகலாய மரபுகளால் வளர்ந்தன. சந்தனமும் அகிலும் தோலா அளவும் இந்தியாவின் பங்கு.

3. இன்றைய இனிப்பு ரோஜாவின் புதுமை மலரில் இல்லை. செயற்கை இனிப்புக் கூறுகளிலும் பெட்ரோலிய ஆதாரப்பொருளிலும் உள்ளது. எனவே ‘அரபு’ என்னும் அடைமொழி பிறப்பிடத்தைக் காட்டிலும் சுவைப்பாங்கையே குறிக்கிறது.

4. அகிலும் ஊதும் உறவுடையவை என்பதை வழக்காறு மறந்துள்ளது. அகராதிகளில் இவ்விரு பதிவுகளும் ஒன்றையொன்று சுட்டுதல் வேண்டும்.

சங்க இலக்கிய மணப்பொருள்களுக்கு விரிவான விளக்கங்கள் உள்ளன. அதே பொருள்களை இன்றும் கைமாற்றும் மண்ணடி, இராயபுரம் வணிகரின் சொற்களோ முறையாகத் தொகுக்கப்பட வேண்டிய நிலையில் உள்ளன. தோலாக் குப்பியும் கண்ணாடிக் கோலும் தெளிப்பான்களுக்கு இடம்விட்டு வரும் காலம் இது. அளவு, தரம், கலப்பு ஆகியவை பற்றி மூத்த வணிகர் வழங்கும் சொற்களைக் களப்பணிவழித் தொகுத்தால், உரையாசிரியர்கள் விளக்கிய சரக்குப் பெயர்களுக்கும் இன்றைய வழக்கிற்கும் இடையிலுள்ள வெற்றிடம் நிரம்பும். நெடியால் மட்டும் அறியப்படும் ஒரு நிலப்பகுதியின் மற்றொரு வரலாறும் அதனால் பதிவு பெறும்.